கென்யாவில் பெண்கள் கையை விட்டு நிலம் போனது பழைய வழக்கத்தாலா, பட்டாவாலா?

#1 மேழி

ஆப்பிரிக்கக் கிராமங்களில் வயல்வேலையில் பெரும்பகுதி பெண்கள் தலையில், நிலம் ஆண்கள் பெயரில். பேச்சு எடுத்தாலே "அவங்க வழக்கம் அது" என்று முடித்துவிடுகிறோம். அந்த வழக்கத்தை யார், எப்போது எழுதி வைத்தார்கள் என்று பார்த்தால் கதை வேறு பக்கம் போகிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளை ஒரே இழையில் அடைக்க முடியாது. அதனால் கென்யா மட்டும், அதிலும் கிக்கூயு மக்கள் வாழும் கியாம்பு, முராங்கா, நியேரி மேட்டுநிலம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிரிட்டிஷார் வருவதற்கு முன்பு அங்கே நிலம் ‘ம்பாரி’ என்ற வம்சக்குழுவின் பொறுப்பில் இருந்தது. மணமாகி வரும் பெண்ணுக்குத் தனியாக வயல் ஒதுக்குவார்கள். அவள் தானியக் களஞ்சியம் அவளுடையது. ஒருவனுக்கு இரண்டு மூன்று மனைவிகள் இருந்தால், ஒவ்வொருத்தியும் பயிரிட்ட நிலம் அவளவள் மகன்களுக்குப் போகும். கணவன் நினைத்த நேரத்தில் விற்றுவிட முடியாது, ம்பாரி கேள்வி கேட்கும்.

1902, 1915 ஆண்டுகளின் அரசுநிலச் சட்டங்கள் நல்ல மேட்டுநிலத்தை வெள்ளைக் குடியேறிகளுக்குக் கொடுத்தன. 1915க்குப் பிறகு குத்தகைக்காலம் 999 ஆண்டுகள். குடிசை வரி கட்டப் பணம் வேண்டும் என்பதால் ஆண்கள் தோட்டங்களுக்கும் நைரோபிக்கும் கூலிக்குப் போனார்கள். மிச்சமிருந்த நெருக்கடியான ஒதுக்குநிலத்தில் சாப்பாட்டுக்கு விளைவித்தது பெண்கள்தான்.

பெரிய அடி 1950களில். 1952 அக்டோபரில் அவசரநிலை அறிவித்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியையும் நிலப்பறிப்பையும் எதிர்த்த மாவ் மாவ் போராட்டத்தை அடக்க பல்லாயிரம் ஆண்களை முகாம்களில் அடைத்தார்கள். 1954இலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் காவல் போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். அதே 1954இல்தான் வேளாண் அதிகாரி ரோஜர் ஸ்வின்னர்டனின் திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த துண்டுநிலங்களைச் சேர்த்து, அளந்து, ஆளுக்கொரு பட்டா கொடுப்பது, காப்பி, தேயிலை போட வைப்பது. இதனால் நிலமுள்ள வர்க்கமும் நிலமற்ற வர்க்கமும் உருவாகும், ஒரு நாட்டின் வளர்ச்சியில் அது இயல்பான படி என்று அந்தத் திட்டமே வெளிப்படையாகச் சொன்னது.

அளக்கும்போது பதிவேட்டில் ஒரு பெயர்தான் ஏறியது. குடும்பத் தலைவன் பெயர். சுதந்திரம் வந்த 1963இல் இயற்றிய பதிவுநிலச் சட்டம் அந்தப் பெயருக்கு உரியவரை முழு உரிமையாளர் ஆக்கியது.

இன்றைய நிலை என்ன? 2013க்கும் 2017க்கும் இடையில் வழங்கிய பட்டாக்களில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து கென்யா லேண்ட் அலையன்ஸ் என்ற நில உரிமை அமைப்பு ஆராய்ந்தது. பெண்களுக்குப் போனவை 10.3 சதவீதம். பரப்பளவில் பார்த்தால் 1.62 சதவீதம்தான்.

பெண்களின் நிலத்தைப் பறித்தது வழக்கம் அல்ல, பட்டா என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: நம் ஊர் ஒப்பீட்டை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். அதை ஆரம்பித்தால் கென்யா காணாமல் போய்விடும்.

#2 பொன்னேர்

மேழி, உழைத்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முடிவு ஒருபக்கமாகச் சாய்கிறது.

பழைய ஏற்பாட்டில் பெண்ணுக்கு இருந்தது கணவன் வழியாகக் கிடைத்த இடம். கணவன் இறந்தால் அவனுடைய சகோதரனின் பொறுப்பில் போக வேண்டிய நிலை. பிறந்த வீட்டில் மகளுக்குப் பங்கு கிடையாது. ம்பாரி கூடிப் பேசினால் பேசுபவர்கள் ஆண்கள். இதை வெள்ளைக்காரன் கொண்டுவரவில்லை.

அப்புறம், ஸ்வின்னர்டன் திட்டத்தின் பலனையும் சொல்ல வேண்டும். அதுவரை கிக்கூயு விவசாயி காப்பி போடுவதற்கே பெரும்பாலும் தடை இருந்தது. வெள்ளைத் தோட்டக்காரர்களுக்குப் போட்டி வந்துவிடும் என்ற பயம். திட்டத்துக்குப் பிறகு சிறுவிவசாயிகளின் விற்பனை விளைச்சல் 1955இல் சுமார் 52 லட்சம் பவுண்டாக இருந்தது 1964இல் சுமார் 1.4 கோடி பவுண்டாக ஏறியது. அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடம், தகரக்கூரை, மருந்து எல்லாம் வந்தன. பட்டாவே வேண்டாம் என்கிறீர்களா?

#3 சட்டக்கிளி

நான் சொத்து வழக்குகள் பார்க்கும் வக்கீல். பிரிட்டிஷார் ஆண்ட நாடுகளின் நிலச்சட்டங்களைத் தேடிப் படிப்பதில் ஆர்வம் உண்டு, அந்த வகையில் சொல்கிறேன்.

பொன்னேர் சார், பெண்ணுக்கு முழு உரிமை இருந்ததில்லை என்பது சரி. ஆனால் ஆணுக்கும் இருந்ததில்லை! அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒரே வயலின் மேல் பலருக்குப் பல அடுக்கு உரிமைகள். ஒருவருக்குப் பயிரிட, ஒருவருக்கு மாடு மேய்க்க, வம்சத்துக்குத் தடுத்து நிறுத்த. பதிவாளர் வந்து இவற்றில் ஒரே ஒரு அடுக்கை எடுத்தார். கணவனின் அரைகுறை உரிமையை முழுமையாக உயர்த்தினார். மனைவியின் அரைகுறை உரிமையைப் பூஜ்யமாக இறக்கினார். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் தொடங்கவில்லைதான், ஆனால் நடுவே இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டியது பதிவேடு.

நீதிமன்றங்களும் அதையே உறுதி செய்தன. 1973இல் எசிரோயோ வழக்கு. பட்டா தகப்பன் பெயரில். வழக்கப்படி எங்களுக்கும் உரிமை உண்டு என்று மகன்கள் நின்றார்கள். பதிவு ஆனதோடு வழக்க உரிமை அற்றுப்போனது என்று தீர்ப்பு வந்தது. மகன்களுக்கே இந்தக் கதி என்றால் மனைவி எந்த வாசலில் போய் நிற்பாள்? பிற்பாடு சில தீர்ப்புகள், பட்டாக்காரர் குடும்பத்துக்கான அறங்காவலர் மாதிரி என்று சொல்லி இதைத் தளர்த்தின. ஆனால் அதற்கு வழக்குப் போட வேண்டும், பணம் வேண்டும், மாமனார் வீட்டை எதிர்க்கும் தெம்பு வேண்டும்.

இன்னொன்று. மகன் இல்லாத விதவை இன்னொரு பெண்ணைச் சடங்குப்படி மணந்து, அவள் பெறும் பிள்ளைகள் மூலம் தன் வீட்டையும் நிலத்தையும் தக்கவைக்கும் முறை கிக்கூயுகளிடமும் நந்தி என்ற இன்னொரு கென்ய இனத்தாரிடமும் உண்டு. பழைய ஏற்பாட்டுக்குள் பெண்கள் காலூன்ற இப்படிச் சந்துகள் இருந்தன. பதிவேட்டில் அவற்றுக்குப் பத்தி ஏது?

#4 ஏலக்காய்

இந்த விஷயம் எனக்குப் புதிது. ஒரு கேள்வி. இவ்வளவு நடந்தபோது பெண்கள் சும்மா இருந்தார்களா?

#5 மேழி

இல்லவே இல்லை, ஏலக்காய். 1922 மார்ச்சில் ஹாரி தூகூவைக் கைது செய்து நைரோபி போலீஸ் நிலையத்தில் வைத்தார்கள். கட்டாய வேலை, வரி, ஆப்பிரிக்க ஆண்கள் கழுத்தில் தொங்கவிட வேண்டிய அடையாளத் தகடு இவற்றை எதிர்த்துப் பேசியவர் அவர். பெண்களையும் சிறுமிகளையும் தோட்ட வேலைக்கு இழுத்துப்போவது அவருடைய முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. வெளியே கூட்டம் கூடியது. பேச்சுவார்த்தைக்குப் போன ஆண்கள் கலைந்து போகலாம் என்று திரும்பி வந்தபோது, மேரி முத்தோனி நியாஞ்சிரு என்ற பெண் தன் ஆடையைத் தூக்கிக் காட்டி, இதை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள், உங்கள் கால்சட்டையை எனக்குக் கொடுங்கள் என்று சத்தம் போட்டார். கூட்டம் முன்னே நகர்ந்தது, போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் அவரும் ஒருவர். அரசுக் கணக்கே இருபதைத் தாண்டியது.

1948இல் முராங்காவில் இன்னொன்று. மண்ணரிப்பைத் தடுக்கிறோம் என்று சொல்லி மலைச்சரிவில் படிக்கட்டு வரப்பு வெட்டக் கூலியில்லாமல் ஆள் பிடித்தார்கள். ஆண்கள் வெளியூரில், ஆகவே வெட்டியது பெண்கள். ஒரு கட்டத்தில் மாட்டோம் என்று மண்வெட்டியைப் போட்டார்கள். கைது, அபராதம் எல்லாம் வந்தது. அவசரநிலையிலும் காட்டுக்குள் இருந்த போராளிகளுக்குச் சோறும் செய்தியும் கொண்டுபோனது பெண்கள்தான். காமிதி (Kamiti) என்ற இடத்துச் சிறைமுகாமில் ஆயிரக்கணக்கில் பெண்களை அடைத்தார்கள்.

நில அளவைக்காரர் சங்கிலியோடு வந்தபோது இந்த எதிர்ப்பு எல்லாம் அடித்து ஒடுக்கப்பட்டிருந்தது. யார் நிலம் எது என்று முடிவு செய்த குழுக்களில் அரசுக்கு விசுவாசமான தலைவர்களும் அவர்கள் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். முகாமில் இருந்தவர்கள் பலருக்கு நிலம் போனது. நிலம் தப்பிய குடும்பத்திலும் பெண் பெயர் ஏறவில்லை.

#6 நைரோபிக்காரன்

கணக்குவேலையில் கென்யாவில் பல வருடம் இருந்தேன். பொன்னேர் சொன்ன அந்த வளர்ச்சிக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை.

சிறுவிவசாயிகளின் தேயிலையை எடுப்பது கென்யா தேயிலை வளர்ச்சி முகமை, சுருக்கமாக கேடிடிஏ. 1964இல் தொடங்கியது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட சிறுவிவசாயிகள் அதில் இருக்கிறார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு எண். பறித்த பச்சை இலையை எடை மையத்தில் போட்டால் அந்த எண்ணில் ஏறும். மாதாமாதம் ஒரு தொகை, வருடக் கணக்கு முடிந்ததும் பெரிய தொகையாக போனஸ். எண் யார் பெயரில்? பெரும்பாலும் நிலம் யார் பெயரிலோ அவர் பெயரில். இலை பறிப்பவர்? மனைவி, மருமகள், மகள்.

போனஸ் வரும் மாதத்தை அங்கே எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், வீட்டில் சண்டை வருவதும் அப்போதுதான். வருடம் முழுக்கக் குளிரில் கொழுந்து பறித்தவளுக்கு எவ்வளவு வந்தது என்றே தெரியாது. சில பெண்கள் இதற்குப் பதிலடியாகத் தேயிலையை விட்டுவிட்டு சந்தைக்குக் கீரையும் பீன்ஸும் போடுவார்கள், அந்தக் காசாவது கைக்கு வரும் என்று. சில கணவர்கள் ஒரு பகுதிச் செடிகளுக்கு மனைவி பெயரில் தனி எண் வாங்கிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் இலை நன்றாக வந்தது, பார்த்த அளவில் சொல்கிறேன். ஆகவே பெண்ணுக்கு உரிமை கொடுத்தால் உற்பத்தி குறையும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நிலம் கிடைக்காத பெண்கள் வேறு வழியும் கண்டார்கள். 1960களில் மத்திய மாகாணத்துப் பெண்கள் குழு சேர்ந்து காசு போட்டு, முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் தகரக்கூரை போட்டுக்கொண்டார்கள். தகரத்துக்கு அங்கே மபாத்தி என்று பெயர், குழுக்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அதே பாணியில் சேர்ந்து நிலம் வாங்கிய குழுக்களும் உண்டு.

#7 பொன்னேர்

> பெண்ணுக்கு உரிமை கொடுத்தால் உற்பத்தி குறையும் என்று யாராவது சொன்னால்

நான் அப்படிச் சொல்லவில்லை, நைரோபிக்காரன். ஆனால் தேயிலை எண் விஷயம் எனக்குப் புதிது, யோசிக்க வைக்கிறது.

என் கேள்வி வேறு. சட்டங்கள் மாறிவிட்டனவே? 1981இல் வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. 2005இல் ரோனோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மகள்களுக்கும் மகன்களைப் போலவே பங்கு என்றது. 2010 அரசியல் சட்டத்தின் 60ஆம் பிரிவு நிலத்தில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை நீக்கச் சொல்கிறது. பிரிட்டிஷார் போய் அறுபது வருடம் ஆகிறது. இன்னும் காலனியத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் இன்றைய அரசும் இன்றைய அண்ணன் தம்பிகளும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

#8 நீர்முள்ளி

வளர்ச்சித் திட்டங்கள் காலனியத்துக்குப் பின்பும் அதே தடத்தில்தான் போயின. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் ஜஹாலி பச்சார் நெல் பாசனத் திட்டம் 1980களில் வந்தது. மண்டிங்கா மக்களிடம் குடும்பப் பொதுநிலம் வேறு, தனியாள் நிலம் வேறு. சதுப்பில் நெல் போட்டுவந்தவர்கள் பெண்கள், தனியாள் நிலத்தின் விளைச்சல் அவர்களுக்கே சொந்தம். பாசனம் வந்து இரண்டு போகம் விளையும் என்றானதும், அந்த வயல் பெண்களுக்குத்தான் என்று திட்டத்துக்கு நிதி கொடுத்தவர்கள் சொல்லியிருந்தும், நிலம் குடும்பப் பொதுநிலமாகிக் குடும்பத் தலைவர் கைக்குப் போனது. பெண்களின் வேலை இரண்டு மடங்கானது, விளைச்சல் மேல் உரிமை போனது. பலர் அந்த வயலில் உழைக்க மறுத்துக் காய்கறித் தோட்டம் பக்கம் போனார்கள். பிரிட்டிஷார் அப்போது அங்கே இல்லை, ஆனால் வீட்டுக்கு ஒரு தலைவன், அவனிடம் கொடுத்தால் போதும் என்ற பழக்கம் இருந்தது.

#9 சட்டக்கிளி

பொன்னேர் சார், அண்ணன் தம்பிகள் தப்பிக்கக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இன்றைய விதவை எந்த அலுவலகத்துக்குப் போகிறாள் என்று பாருங்கள், பழைய நிர்வாகம் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

கணவன் இறந்துவிட்டான், பட்டா அவன் பெயரில். நீதிமன்றத்தில் வாரிசுரிமை மனு போட வேண்டும். அதற்கு முதலில் உள்ளூர் ‘சீஃப்’ கொடுக்கும் கடிதம் வேண்டும். இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று அதில்தான் பெயர்கள் வரும். மாமியார் வீட்டார் முந்திக்கொண்டு போய், இவள் மனைவியே இல்லை என்றோ, மகள்கள் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றோ சொல்லிக் கடிதம் வாங்கிவிட்டால், மீதி வாழ்க்கை அதைத் திருத்துவதில் போகும். இந்த சீஃப் யார்? கிக்கூயுகளிடம் பழைய காலத்தில் இப்படி ஒரு பதவியே இல்லை, மூத்தோர் சபைதான். 1902இலிருந்து சட்டம் போட்டுத் தலைவர்களை நியமித்தது பிரிட்டிஷ் அரசு. வரி வசூலிக்கவும் ஆள் பிடிக்கவும் வந்த பதவி, இன்று பெண் யாருடைய மனைவி என்று எழுதிக் கொடுக்கிறது.

அடுத்து, திருமணச் சான்று. வழக்கப்படி நடந்த கல்யாணத்துக்குக் காகிதம் கிடையாது. 2014 திருமணச் சட்டம் அதையும் பதிவு செய்யச் சொல்கிறது, ஆனால் பதிவு செய்யாத தம்பதிகள் ஏராளம். பெண்தான் சாட்சி கூட்டி நிரூபிக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன வாரிசுரிமைச் சட்டத்திலேயே ஒரு முள் இருந்தது. உயில் இல்லாமல் கணவன் இறந்தால், சொத்தை ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. ஆனால் மறுமணம் செய்தால் அது போய்விடும் என்று எழுதியிருந்தது. மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. 1972இல் சுதந்திர நாடாளுமன்றம் எழுதியது இது. இதற்கு வெள்ளைக்காரனைக் குறை சொல்ல மாட்டேன்.

மணமுறிவிலும் அதே இழுபறி. 2013 சட்டம் சமையல், பிள்ளை வளர்ப்பு, வயல்வேலை எல்லாவற்றையும் பங்களிப்பாக ஏற்கிறது, நல்ல விஷயம். ஆனால் எவ்வளவு பங்களிப்போ அவ்வளவுதான் பங்கு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் பாதிக்குப் பாதி என்பது தானாக வராது, பங்களிப்பைக் காட்ட வேண்டும் என்றது. இருபது வருடம் கொத்திய மண்ணுக்கு ரசீது எங்கே கிடைக்கும்?

#10 ஏலக்காய்

அப்படியானால் பட்டா போடும்போதே இரண்டு பேர் பெயரும் போட்டுவிட்டால்? எங்காவது செய்திருக்கிறார்களா?

#11 நீர்முள்ளி

செய்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் அம்ஹாராவில் 2003இலிருந்து கொடுத்த நிலச்சான்றில் கணவன் மனைவி இருவர் பெயரும் படமும் இருக்கும். ருவாண்டாவில் 2009 தொடங்கி நாலைந்து வருடத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மனைகளைப் பதிவு செய்தார்கள், சட்டப்படி மணந்த மனைவி பெயரும் சேர்ந்தது. பதிவு இல்லாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்கள் அங்கேயும் வெளியே நின்றார்கள்.

உகாண்டா கதை கொதிப்பைக் கிளப்பும். 1900ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பிரிட்டிஷார் உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டா அரசின் நிலத்தைச் சதுர மைல் கணக்கில் தலைவர்களுக்கும் பிரமுகர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 1998 நிலச்சட்டத்தில் கணவன் மனைவி கூட்டுரிமைப் பிரிவு நாடாளுமன்றத்தில் மிரியா மத்தெம்பே போன்ற பெண் உறுப்பினர்களின் போராட்டத்தால் ஏற்கப்பட்டது. அச்சில் வந்த சட்டத்தில் அந்தப் பிரிவைக் காணவில்லை! 2004 திருத்தத்தில் கிடைத்தது குடும்ப நிலத்தில் குடியிருக்கும் பாதுகாப்புதான், கூட்டுரிமை இல்லை.

#12 பொன்னேர்

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பட்டா ஒரு பெயரில் ஏறியதுதான் பிரச்சினை, பட்டாவே பிரச்சினை இல்லை என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். மேழி முதல் பதிவில் சொன்னதிலிருந்து இது கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

ஒரு சிக்கல் மிச்சம். கியாம்புவில் ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர், அரை ஏக்கர். மகன்களோடு மகள்களுக்கும் பிரித்தால் என்ன மிஞ்சும்?

#13 சட்டக்கிளி

நாலு மகன்கள் பிரித்தாலும் துண்டுதான் சார். அப்போது யாரும் நிலம் துண்டாகிறதே என்று வருத்தப்படுவதில்லை, மகள் கேட்டதும் வருகிறது. அரை ஏக்கரைக் கூறுபோட வேண்டும் என்றுகூட இல்லை. பெயர்களைப் பொதுவாகப் பதிந்து, விளைச்சலையோ வாடகையையோ பிரிக்கலாம். குறைந்தபட்சம் யாரும் மற்றவருக்குத் தெரியாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

#14 மேழி

பொன்னேர் சொல்வது நியாயம்தான், ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு பெயர் போட்டாலும் ம்பாரியின் தடுக்கும் உரிமை திரும்பி வராது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கடன்காரனிடம் இழந்த நிலங்களும் உண்டு. பட்டா என்றால் விற்கத்தக்கது என்ற ஒரே வடிவத்தில் நிலத்தைப் பார்க்கும் பழக்கம், அதுதான் என்னை உறுத்துகிறது.

#15 நைரோபிக்காரன்

மேழி சொல்வதற்கு இன்று நடக்கும் உதாரணமே இருக்கிறது. மேய்ச்சல் மக்கள் வாழும் மாவட்டங்களில் நிலம் இன்னும் பொதுவாக இருக்கிறது. 1968 சட்டப்படி மாசாய் பகுதிகளில், ஒரு குழுவே சேர்ந்து நிலத்தை வைத்திருக்கும் குழுப் பண்ணைகள் அமைத்தபோது உறுப்பினர் பட்டியலில் குடும்பத்துக்கு ஒரு ஆண் என்று எழுதினார்கள். பிறகு கஜியாடோ போன்ற இடங்களில் அவற்றைப் பிரித்துப் பட்டா போட்டபோது, பட்டியலில் இருந்தவர்களுக்கே நிலம் போனது. நைரோபிக்குப் பக்கத்தில் இருந்த நிலங்கள் வெகு சீக்கிரம் விலைபோயின. அங்கே மாடு மேய்த்து, பால் கறந்து, வீடு கட்டிய பெண்களை யாரும் கேட்கவில்லை.

2016இல் சமுதாய நிலச் சட்டம் வந்தது. இதில் நிலத்தைச் சமுதாயத்தின் பெயரிலேயே பதியலாம். வயது வந்த ஆண் பெண் எல்லோரும் கூடும் சபை, அது தேர்ந்தெடுக்கும் 7 முதல் 15 பேர் கொண்ட குழு. பழைய குழுப் பண்ணைகளும் இந்தச் சட்டத்துக்கு மாற வேண்டும். சம்புரு, லைக்கிப்பியா, துர்க்கானா பக்கம் பட்டியல்கள் தயாராகும் காலம் இது. ஆண்கள் பெயரை எழுதிவிட்டு "குடும்பத்தார்" என்று ஒரே சொல்லில் முடிக்கும் இடங்களில், பெண்கள் அமைப்புகள் போய் மனைவி, விதவை, கட்டிக்கொடுக்காத மகள் எல்லோர் பெயரையும் வரிசையாக எழுத வைக்கின்றன. உறுப்பினர் பதிவேட்டை முதல்முறை எழுதும்போதே பார்த்துவிட வேண்டும். பட்டா கைக்கு வந்த பிறகு பெயர் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று சட்டக்கிளி மேடம் மேலே எழுதியிருக்கிறார்.

#16 ஏலக்காய்

அந்தப் பதிவேட்டில் பெண் பெயர் இல்லாவிட்டால் ஆட்சேபணை சொல்ல வழி இருக்கிறதா? யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், இழையைத் தொடர்கிறேன்.